கொடுக்கத் தெரிந்த சபைக்கு வாங்கவும் தெரிய வேண்டும்

எங்கள் சபைகளில் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வாங்கிக்கொள்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தசமபாகம், முதற்கனி, ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம், கட்டட நிதி, மிஷனெரி தாங்குதல் என்று கொடுப்பதற்கு எத்தனையோ வழி வைத்திருக்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களுக்குப் போனால் மின்விசிறியின் இறக்கையிலும் பெஞ்சின் முதுகிலும் கொடுத்தவர்களின் பெயரைப் பார்க்கலாம். அதைக் குறை சொல்ல வரவில்லை. கோடைக்கால ஆராதனையில் வயதானவர்கள் அந்த மின்விசிறிக்கு அடியில்தான் இடம் தேடி உட்காருகிறார்கள்.

ஆனால் கிருபை என்று வரும்போது முதல் வேலை கொடுப்பது இல்லையே. வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் நிருபத்தில் பவுல் எழுதியதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்துதான் வளர்ந்தோம். மனப்பாடம் செய்த அந்த வசனத்தை நம் உடம்பும் மனசும் ஏற்றுக்கொள்ள ஒரு ஆயுசு தேவைப்படுகிறது.

சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குச் சுகப்பிரசவம், விசா வந்துவிட்டது, கர்த்தர் கிருபை செய்தார், ஆமென். சொல்கிறவர் உண்மையாகத்தான் சொல்கிறார், கேட்கிற எனக்கும் மனசு நிறைகிறது. ஆனால் அந்தக் கிருபை யார் கை வழியாக வந்தது என்பது பல நேரம் விடுபட்டுப் போகிறது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ், வாடகைக்கு நெருக்காத வீட்டுக்காரர், கேட்டவுடன் ரத்தம் கொடுக்க ஓடிவந்த பக்கத்துக் கடைப் பையன், இவர்களெல்லாம் சாட்சிக்குள் வருவதில்லை. அவர்களைச் சொல்லிவிட்டால் கர்த்தருடைய மகிமை குறைந்துபோகும் என்று ஒரு பயம் இருக்கிறது போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மனுஷர் கையில் கொடுத்து அனுப்புகிறவர். எலியா தீர்க்கதரிசிக்குக் கேரீத் ஆற்றங்கரையில் காகங்கள் சாப்பாடு கொண்டுவந்தன. அதற்கப்புறம் அவரைச் சாறிபாத்துக்கு அனுப்பினார், கடைசிப் பிடி மாவை வைத்துக்கொண்டு சாகத் தயாராக இருந்த ஒரு விதவையிடம். பரலோகத்திலிருந்து அக்கினியை இறக்கப்போகிற மனிதர், அந்த அம்மாவிடம் போய் ஒரு சிறிய அடை கேட்க வேண்டியிருந்தது.

வாங்கிக்கொள்வது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? யோவான் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவிக்கொண்டே வருகிறார். பேதுருவின் முறை வந்ததும், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். மரியாதையில் சொன்னதாகத்தான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். மரியாதை இருந்திருக்கும். கூடவே கூச்சமும் இருந்திருக்கும், நான் ஆண்டவருக்குச் செய்கிறவனாகத்தான் இருப்பேன் என்ற பிடிவாதமும் கொஞ்சம். இயேசுவின் பதில் கடுமையானது: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." பெரிய வியாழன் ஆராதனையில் சில ஆலயங்களில் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலை ஐயர் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அங்கேதான் பேதுரு நமக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

நம் ஊர் வழக்கத்திலும் இது ஊறியிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுப்போம். அழகான வழக்கம், நான் இன்றைக்கும் விடுவதில்லை. ஆனால் கடவுளிடமும் அதே கணக்கில் நிற்கப் பார்க்கிறோம். சுகம் கொடுத்தார், சரி, ஒரு பொருத்தனை. வேலை கொடுத்தார், முதல் மாதச் சம்பளம். கிண்ணம் வெறுமையாகப் போகக்கூடாது. சிலுவைக்கு முன்னால் நின்றுகொண்டு திருப்பிப் போட எதைத் தேடுவது?

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்துக்கு வேண்டிய சாமான் அவர்கள் வீட்டிலிருந்துதான் போகும். கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அதிரசமும் டின் டின்னாகச் செய்து மூன்று தெருவுக்குக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வந்தவர் அடுத்த தெரு அம்மா ஒருவர், செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அத்தை அவரைத் தொடவிடவில்லை. சாதியோ மதமோ காரணம் இல்லை, யாரையும் தொடவிடவில்லை. நல்ல கையால் தட்டித் தட்டி விடுவார்கள். குழறிய பேச்சில் ஒரே வார்த்தைதான், "வேண்டாம், வேண்டாம்." அந்த அம்மா ஒருநாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், எம் பிள்ளைக்கு நீங்க எழுத்து சொல்லிக் கொடுத்தப்ப நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அத்தை அழுதார்கள். அப்புறம் தலையைக் குனிந்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஜெபம் மாறியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். முன்பெல்லாம் சபைக்காக, தேசத்துக்காக, மிஷனெரிமாருக்காக என்று வரிசையாகப் போகும். இப்போது வார்த்தை கிடைக்காமல், அந்த அம்மாவின் பிள்ளைகள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அந்த அம்மா தன் வீட்டுக் கஷ்டத்தை அத்தையிடம்தான் சொல்ல ஆரம்பித்தார். செயலாக இருந்த காலத்தில் அத்தை கொடுத்த எந்த அதிரசத்தையும்விட, படுக்கையில் கிடந்து வாங்கிக்கொண்ட காலத்தில் அவர்கள் வழியாகப் போனது பெரிது என்று நான் நம்புகிறேன்.

இதே மாவட்டத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கடைசி ஆண்டுகளும் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும். கோயில்களுக்கு விடப்பட்ட, ஆபத்திலிருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் வாழ்ந்தார். யாரைத் தூக்கி வளர்த்தாரோ அந்தப் பெண்பிள்ளைகளே வளர்ந்து அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். நம்முடைய மிஷனெரிச் சரித்திரங்கள் அவர் தூக்கியதை விரிவாகச் சொல்கின்றன. தூக்கப்பட்டதையும் அவருடைய ஊழியத்தின் ஒரு பகுதியாகவே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாங்கிக்கொள்வதும் கொடுப்பதும் ஒரே ஓட்டமாக ஓடிய ஒரு வாழ்க்கையைக் காட்டச் சொன்னால் நான் கிளாரிந்தாவைத்தான் காட்டுவேன். பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் பாப்பாத்தியம்மாள் என்றால்தான் தெரியும். பிறந்த பெயர் கோகிலா. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் விதவை. கணவனின் சிதையிலிருந்து அவரை லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார், அவரிடமே வேதத்தையும் கற்றார். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். முறையாகத் திருமணம் ஆகாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறார் என்பது காரணம்.

சுவார்ட்ஸ் ஐயர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அன்றைய சபை ஒழுங்கின்படி அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தப் பெண்ணின் நிலையில் நின்று பார்க்கிறேன். பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. சிதையிலிருந்து இறங்கி வந்த விதவைக்கு ஊருக்குள் இடம் கிடையாது. கடைசியாகக் கதவைத் தட்டிய சபையும் கொஞ்சம் பொறு என்கிறது. அங்கேயே கசந்துபோய்த் திரும்பியிருந்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? அவர் கசந்துபோகவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஞானஸ்நானம் கிடைத்தது. கிளாரிந்தா என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த சில வருஷங்களில் நடந்ததைப் பாருங்கள். 1780-ஆம் ஆண்டு பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். இன்றைக்குத் திருநெல்வேலித் திருமண்டலமாகவும் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமாகவும் பரந்து கிடக்கிற சபை அந்தப் பட்டியலில் தொடங்குகிறது. அவர் முன்நின்று கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை ஆனது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஊருக்குக் கிணறு வெட்டினார், அதற்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர். சபையை நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தியநாதன் உபதேசியாராக வந்தார், 1790-இல் குருப்பட்டம் பெற்றார்.

கிணறு என்பது என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அந்தக் காலத்தில் யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. பிராமண வீட்டில் பிறந்த பெண் அதை அறியாமல் இருந்திருக்க மாட்டார். தனக்குக் கதவு மூடியிருந்த நாட்கள் அவருக்கு நினைவிருந்திருக்கும். திறந்த பிறகு அந்தக் கதவின் அளவை அவர் குறைக்கவில்லை.

எல்லோரும் அப்படி இருப்பதில்லை என்பதற்கு மத்தேயு 18-இல் இயேசு சொன்ன ஊழியக்காரன் சாட்சி. அவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி வருகிறது. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் இரண்டு லட்சம் வருஷம். அந்த ஆள் ராஜாவின் காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். நான்கு மாதச் சம்பளத்துக்கு.

அவன் ஏன் அப்படிச் செய்தான்? கொடூரமானவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்குத் தோன்றுவது, தள்ளுபடியை அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை. அவன் கேட்டது அவகாசம். கிடைத்தது விடுதலை. அவன் மனசு இன்னும் அவகாசத்திலேயே நிற்கிறது. எப்படியாவது சம்பாதித்துக் கட்டிவிடுவேன், யார் யாரிடம் வரவேண்டியது இருக்கிறதோ வசூலிப்பேன் என்று ஓடுகிறான். மன்னிப்பு வாசல் வரைக்கும் வந்தும் வீட்டுக்குள் வராமல் நின்றுவிட்டது. சபைக்குள்ளே வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிமாரைப் பார்க்கும்போது எனக்கு இந்த உவமைதான் ஞாபகம் வரும். அவர்களுக்கு மன்னிக்கிற கடமையைப் பற்றி இன்னொரு பிரசங்கம் தேவையில்லை. நீ மன்னிக்கப்பட்டுவிட்டாய் என்று யாராவது தோளில் கைபோட்டுச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப.

சரி, பந்திக்கு வருகிறேன். கிருபை பந்தியில்தான் சோதிக்கப்படுகிறது. கொரிந்து சபையில் கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடினவர்களில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கொதிக்கிறார். தமிழ்ச் சபைகளும் இந்தச் சோதனையில் விழுந்தவைதான். தனித்தனியாக உட்காருவதும் நற்கருணைக்கு முறை பார்த்து வருவதும் பல இடங்களில் நெடுங்காலம் நடந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபை உடனே முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய கலகம் ஆனது. பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். ஆண்டவருடைய இரத்தத்தின் கிண்ணத்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்குச் சம்மதம்தான். முந்தின ஆள் உதடு பட்ட கிண்ணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் கிருபையைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு ஐயரின் வீட்டில் பிறந்த அசரியா இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்த சபை, தெலுங்கு நாட்டுக்குத் தானே ஆள் அனுப்பியது. அவரும் டோர்னக்கலுக்குப் போனார். 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேச எழுந்தார். மிஷனெரிமார் தங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்ததையும் தங்கள் சரீரத்தையே ஒப்புக்கொடுத்ததையும் நன்றியோடு சொன்னார். சொல்லிவிட்டு, அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? கொடுக்கிறவன் மேட்டில் நிற்கலாம். நண்பன் என்றால் ஒரே பாயில் உட்கார வேண்டும், அவன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டும்.

எங்கள் ஊர்களில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வருகிற அசனத்தை, அந்தப் பொதுப் பந்தியை, நான் அதனால்தான் இவ்வளவு நேசிக்கிறேன். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை ஆலயத்துக்குள் வரும். பக்கத்து ஊர்க்காரர், வேற்று மதத்தவர், யார் என்றே தெரியாதவர், எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். ஐயர் ஜெபம் பண்ணினதும் இலையில் சோறு விழும். சாமான் அறைக்கு ஒரு பொறுப்பாளர் சாவியோடு நிற்பார். அரிசி ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கும், தேங்காய் இன்னொரு வீட்டிலிருந்து. அவருடையது என்று அதில் ஒன்றும் இராது. ராத்திரியில் அந்த அறை காலியாக இருந்தால்தான் அவர் நன்றாக வேலை செய்தார் என்று அர்த்தம். பேதுரு தன் முதல் நிருபத்தில், தேவனுடைய பற்பல கிருபைகளைப் பகிர்ந்து கொடுக்கிற நல்ல உக்கிராணக்காரராக, அதாவது சாமான் அறைப் பொறுப்பாளராக, இருங்கள் என்று எழுதியபோது இப்படி ஒருவரைத்தான் மனதில் வைத்திருப்பார். கால் கழுவக் கொடுக்க மாட்டேன் என்ற அதே பேதுரு.

ஆனால் அசனத்திலும் ஒரு குறை உண்டு. பரிமாறுகிறவர்கள் எப்போதும் பரிமாறுகிறவர்களாகவே இருக்கிறார்கள். வாளி பிடிக்கிறவர்களின் பெயரைக் கமிட்டி முடிவு செய்கிறது. ஊர் ஓரத்திலிருந்து சாப்பிட வருகிறவர்களிடம், நீங்களும் வாளி பிடியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் வாங்கிக்கொள்ள வந்தவர்கள் என்று தீர்மானித்துவிடுகிறோம். அடுத்த பண்டிகைக்கு இதை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

இயேசு கேட்டவர். சமாரியப் பெண்ணிடம் அவருடைய முதல் வார்த்தை "தாகத்துக்குத் தா" என்பதுதான். ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர், மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லாமல் கிணற்றடியில் உட்கார்ந்து, ஊரார் ஒதுக்குகிற ஒருத்தியிடம் தண்ணீர் கேட்கிறார். சகேயுவிடமும் அப்படித்தான். திருந்து என்று சொல்லவில்லை, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததும், அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பியதும் அதற்கு அப்புறம்தான். எரிகோவில் எல்லோரும் திட்டுகிற அந்த மனிதனிடம், உன் வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று அதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதை வைத்து எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு காரியம் தொடங்கினோம். வீடு சந்திப்புக்குப் போகும்போது பழம், ஹார்லிக்ஸ், ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஜெபம் என்று எல்லாவற்றையும் நாங்களே கொண்டுபோய் நாங்களே செய்துவிட்டு எழுந்து வருவோம். இனிமேல் கிளம்புவதற்கு முன்னால், படுத்திருக்கிறவரிடம் எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தோம். முதலில் சிலருக்கு ஒப்பவில்லை. வலியில் கிடக்கிறவர்களைத் தொந்தரவு பண்ணுவதா என்றார்கள். நியாயமான கேள்விதான். அதனால் முடியாது என்கிறவர்களை வற்புறுத்துவதில்லை.

முடியாது என்றவர்கள் குறைவு. டயாலிசிஸுக்குப் போய்வந்து களைத்திருந்த ஒரு அண்ணன், சங்கப் பொருளாளரின் மகள் தேர்வுக்காக ஜெபித்தார். அடுத்த தடவை போனபோது ரிசல்ட் என்னாச்சு என்று கதவைத் திறக்கும்போதே கேட்டார். தனியாக இருக்கிற ஒரு பாட்டி, "நானா? எனக்கு ஜெபம் பண்ணத்தானே எல்லாரும் வாறிய" என்று சிரித்துவிட்டு, எங்களை ஏற்றிவந்த ஆட்டோத் தம்பியையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். அவன் தலையில் கைவைத்து, வண்டி பழுதாகாமல் ஓட வேண்டும், அவன் அம்மா சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். தன் இடுப்பு வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது அடுத்த மாதம் எப்போது வருவீர்கள் என்றார். எங்கள் விண்ணப்பங்களை எழுதிக் கொண்டுவரச் சொன்னார், மறந்துபோகிறதாம்.

இப்போது ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறோம். கண் தெரிகிறவர்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள், மற்றவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிறார்கள். இந்த மாதத் தாளில் ஐயர் அம்மாவின் சர்க்கரை, செயலாளர் வீட்டு நிலத் தகராறு, அப்புறம் எனக்கு நடக்கப்போகிற கண் ஆபரேஷன் இருக்கின்றன.